அடியிறக்கமும் அடுத்த பிள்ளையும்

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டிலிருந்து ஒரு சகோதரி சென்ற வாரம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக் கொண்டிருப்பதால் விஷயத்தை மாத்திரம் எழுதுகிறோம். அவருக்கு முதல் குழந்தை பிறந்து 14 மாதமாகிறது. சுகப் பிரசவம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்களாம். அந்தச் சுகப் பிரசவத்திற்குப் பிறகு இருமினாலும் தும்மினாலும், ஏன், வாய்விட்டுச் சிரித்தாலும் கூட அவருக்கு மூத்திரம் கசிந்து விடுகிறது. சாயங்காலமானால் அடிவயிறு கீழே இழுக்கிறது. ஏதோ ஒன்று இறங்கி வெளியில் வந்துவிடும் போல் ஒரு பாரம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அது இன்னும் அதிகமாகிறது. பிழைப்போ தையல் கம்பெனியில். அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். புருஷனிடம் சொல்லவில்லை. தாயாரிடம் சொன்னதற்கு, "பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது, வெளியில் சொல்லாதே" என்று பதில் வந்ததாம். இதற்கிடையில் மாமியார், அடுத்தது ஒரு ஆண் பிள்ளையாகப் பெற்றுக் கொடுத்துவிடு என்கிறார். ஜோசியர் ஒருவர், வருகிற தை மாதத்திற்குள் தரித்தால் ஆண்தான் என்று சொல்லி 500 ரூபாயும் வாங்கிக் கொண்டு போயிருக்கிறார். "இந்த உடம்போடு நான் இன்னொரு பிள்ளை பெறலாமா?" என்பது அந்தச் சகோதரியின் கேள்வி.

இதைப் போய்த் தலையங்கத்தில் எழுதுவதா என்று நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். அஸ்ஸாமிலுள்ள காமாக்யா கோயிலில் தேவிக்கு மாதவிலக்கு என்று சொல்லிக் கதவை அடைத்து வருஷந்தோறும் திருவிழாக் கொண்டாடுகிறார்கள். அதற்கு லட்சக்கணக்கான ஜனங்கள் போய்க் கும்பிட்டு வருகிறார்கள். கல்லின் மாதவிலக்கு பக்தியாகவும், உயிருள்ள ஒரு பெண்ணின் மூத்திரக் கசிவைப் பற்றிப் பேசுவது மாத்திரம் ஆபாசமாகவும் ஆகிவிடுமானால், அந்த ஆபாசத்தை நாம் சந்தோஷமாகவே எழுதுவோம். பிள்ளை பெறும் பெருமையை மேடைதோறும் பேசுகிறவர்கள், பெற்றவளின் உடம்பு என்னவாயிற்று என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

முதலாவது, இந்த வியாதி இன்னது என்பதைச் சொல்லுவோம். மனித இடுப்புக் கூட்டின் அடிப்பக்கம் எலும்பால் மூடப்பட்டதல்ல. முன்னால் இருக்கும் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் இருக்கும் வாலெலும்பு வரை தூளி கட்டினது போல் தசைகள் விரிந்திருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் அந்தத் தூளிதான் கீழிருந்து தாங்கிக் கொண்டிருக்கிறது. மேலிருந்து சில நார்க்கட்டுகள் பிடித்துக் கொண்டிருக்கின்றன. பிரசவத்தின்போது குழந்தையின் தலை இறங்கி வருவதற்காக இத்தசையின் சில பாகங்கள் தங்கள் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் இழுபட வேண்டியிருக்கிறது. உடம்பில் வேறெந்தத் தசையை அப்படி இழுத்தாலும் அறுந்து போகும். பெரும்பாலான பெண்களுக்கு இது மெள்ள மெள்ளப் பழைய நிலைக்குத் திரும்பி விடுகிறது. சிலருக்குத் தளர்ந்தே நின்றுவிடுகிறது. சிலருக்கு, முக்கியமாக ஆயுதம் போட்டு இழுத்த பிரசவங்களில், எலும்போடு ஒட்டியிருந்த இடத்திலிருந்தே பிய்ந்து விடுவதுமுண்டு. தூளி தளர்ந்தால் மேலே இருப்பது இறங்கத்தானே செய்யும்? மூத்திரம் கசிவதும், அடி இறங்கிவிட்டது என்று நம் பெண்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துக் கொள்வதும், சிலருக்கு வாயுவையும் மலத்தையும் அடக்க முடியாமல் போவதும் எல்லாம் இதனால் தான்.

இதில் தலைவிதி எங்கே இருக்கிறது? முன் ஜென்மத்து வினை எங்கே இருக்கிறது? காலில் சுளுக்கு ஏற்பட்டால் எண்ணெய் போட்டு நீவி விடுகிறோமே அல்லாமல், கர்மபலன் என்று ஊரை ஒளித்துக் கொண்டா திரிகிறோம்? இடுப்புத் தசை மாத்திரம் என்ன பாவம் செய்தது?

மூடத்தனம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்று சொல்ல நாம் வரவில்லை. வைத்தியத்தின் தந்தையென்று மேனாட்டார் கொண்டாடும் ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்கர்கள், அடி இறங்கின பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கினார்கள். பாதி மாதுளம் பழத்தை உள்ளே வைத்து அடைத்தார்கள். கர்ப்பப்பை உடம்புக்குள் அலைந்து திரியும் என்று எண்ணிக் கொண்டு, மூக்குக்கு ஒரு வாசனையும் கீழே ஒரு வாசனையும் காட்டி அதை இடத்துக்கு வரவழைக்கப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் சந்ததியார் அந்த ஏணியைத் தூக்கியெறிந்து விட்டார்கள். நாமோ பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று சொல்லி இன்றைக்கும் வாயைக் கட்டுகிறோம். கீரை ஆகாது, பழம் ஆகாது என்று பத்தியம் வைக்கிறோம். தண்ணீரும் காய்கறியுமில்லாவிட்டால் மலம் இறுகும். இறுகினால் முக்க வேண்டும். முக்க முக்கத் தளர்ந்த தசை இன்னும் தளரும். பாட்டி சொல்லும் பத்தியத்திலேயே அடியிறக்கத்திற்கு வழி செய்து வைத்திருக்கிறோம் என்பதை யாராவது யோசித்தார்களா?

நிற்க. மேனாம்பேடு இன்று சென்னை மாநகராட்சியைச் சேர்ந்ததென்றாலும், பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். அந்தச் செங்கற்பட்டில்தான் 1929-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் நமது முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு கூடி, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்றும், பெண்ணின் கல்யாண வயது 16-க்கு மேற்பட வேண்டுமென்றும் தீர்மானித்தது. அதே செங்கற்பட்டுப் பக்கத்தில் 1981-ல் ஏற்பட்ட ரூவ்செக் என்னும் கிராமப் பெண்கள் ஸ்தாபனத்தார், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களே முன்னின்று நடத்துகிறவர்கள், இந்த அடியிறக்க விஷயத்தை எடுத்துக் கொண்டு கிராமத்துப் பெண்களிடம் நேரில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். வருஷக் கணக்காக யாரிடமும் சொல்லாமல், இறங்கினதோடேயே களை பறித்தும் நாற்று நட்டும் விறகு சுமந்தும் வந்த பெண்களின் கதை அது. டாக்டரம்மாள் எழுதின புத்தகமல்ல, அனுபவித்தவர்கள் சொன்னது. தீர்மானம் போட்ட ஜில்லாவிலேயே இந்நிலை என்றால், தீர்மானமே போடாத இடங்களைப் பற்றி என்ன சொல்வது!

நம் வடக்கே இருக்கும் நேபாளத்தைப் பாருங்கள். 2006 வரையில் உலகத்திலுள்ள ஒரே ஹிந்து ராஜ்யம் என்று பெருமை பேசிக் கொண்டிருந்த தேசம் அது. அத்தேசத்தில் மேற்குப் பக்கத்து மலைகளில் தூரமானவளையும் பிள்ளை பெற்றவளையும் தீட்டு என்று சொல்லி மாட்டுக் கொட்டகை போன்ற குடிசையில் தள்ளி வைப்பார்கள். தீட்டுக் கழிந்த மறுநாள் முதுகில் சுமையை ஏற்றுவார்கள். அங்கே கர்ப்பப்பை இறங்கிய பெண்களின் தொகை அளவுக்கு மீறிப் போனதன் பேரில் விஷயம் கோர்ட்டுக்கே போய், 2008-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டார், இது பெண்களின் உரிமையைப் பறிப்பதாகும், சர்க்கார் இதற்கென்று சட்டம் செய்து இலவச சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு முந்தின மாதத்தில்தான் மன்னராட்சியும் ஒழிந்தது. விதி என்று ஒரு பெண் அழுது கொண்டிருந்தது, உரிமைக் குறைவு என்று ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே ஏறிவிட்டது.

இனி சகோதரியின் கேள்விக்கு வருவோம். நாம் வைத்தியரல்ல. வைத்தியர்கள் சொல்லி ஒப்புக் கொள்ளப்பட்டதைத்தான் எழுதுகிறோம்.

இந்த அளவில் இருக்கும் வியாதிக்கு முதல் மருந்து கத்தியல்ல, தேகப்பயிற்சி. 1948-ல் அமெரிக்காவில் கெகெல் என்ற டாக்டர், தளர்ந்த அடித்தசையைப் பயிற்சியினாலேயே திருப்பி வலுப்படுத்தலாம் என்று எழுதி வெளியிட்டார். அதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம். வாயுவையும் மூத்திரத்தையும் ஒரே சமயத்தில் அடக்குவது போல் அடித்தசையை உள்ளுக்கு இழுத்துச் சில விநாடி பிடித்து விட்டுவிட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 8 தடவைக்குக் குறையாமல் தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். மூத்திரம் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தி இதைப் பழகுவது தப்பு. சந்தியாவந்தனம் 3 வேளை செய்ய நேரமிருக்கிற நாட்டில் இதற்கு நேரமில்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பல பெண்கள் உள்ளே இழுப்பதாக நினைத்துக் கொண்டு கீழ்நோக்கி முக்கிவிடுகிறார்கள். ஆகையால் ஒரு தடவையாவது டாக்டரிடமோ பிசியோதெரபி தெரிந்தவரிடமோ காட்டி, சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்து கொள்ள வேண்டும். இறக்கம் அதிகமாயிருந்தால் பெஸரி என்னும் சிலிகோன் வளையத்தை உள்ளே வைத்துத் தாங்குவதுமுண்டு. கிரேக்கருடைய மாதுளம் பழத்திற்கு வந்த புத்தி என்று வைத்துக் கொள்ளுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் சுரப்பு நீர்களின் மாறுதலால் அவ்விடம் வறண்டு மெலிந்திருக்கும். பால் நிறுத்தின பின் தானாகவே கொஞ்சம் தேறுவதுமுண்டு. எனவே 14 மாதத்து நிலைமையே ஆயுளுக்கும் நிலைமை என்று பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு பிள்ளை பெறலாமா என்றால், லேசான இறக்கமும் கசிவும் மறு கர்ப்பத்திற்குத் தடையல்ல. ஆனால் காலம் வேண்டும். ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 24 மாதமாவது கழிந்த பிறகே அடுத்த கர்ப்பம் தரிக்க வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் யோசனை. ஜோசியருடைய தை மாதத்தை விட இந்த 24 மாதத்திற்கு மதிப்புக் கொடுக்கும்படி கேட்டுக் கொள்கிறோம். அதற்குள் பயிற்சி செய்து, ரத்தக் குறைவைச் சரிப்படுத்தி, நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இருந்தால் அவைகளையும் தீர்த்துக் கொண்டால், உடம்பு அடுத்த பாரத்தைத் தாங்கத் தயாராகும். கர்ப்பமான பிறகும் பயிற்சியை விடக்கூடாது. கர்ப்ப காலத்தில் பாரமும் கசிவும் சில சமயம் கூடும். கர்ப்பப்பை வளர்ந்து இடுப்பை விட்டு மேலே எழும்பும்போது சிலருக்கு இறக்கம் குறைந்தாற் போலவும் இருக்கும். அதைக் கண்டு குலதெய்வத்தின் கருணையென்று கிடா வெட்டக் கிளம்பிவிட வேண்டாம்.

முதல் பிரசவத்தில் ஆசனவாயின் சுருக்குத் தசை வரை கிழிந்து தைக்கப்பட்டவர்கள் விஷயம் வேறு. இவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷத்திற்குள் தேறிவிடுகிறார்கள். ஆனால் மலத்தை அடக்குவதில் இன்னும் கஷ்டமிருந்தால், அடுத்த பிரசவம் வழக்கப்படியா, வயிற்றை அறுத்தா என்பதைக் கர்ப்ப காலத்திலேயே டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள், அறுத்தெடுத்து விட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பது தப்பு. கர்ப்பம் சுமப்பதே அடித்தசைக்குப் பாரந்தான். அன்றியும் ஒவ்வொரு அறுவையும் அடுத்த கர்ப்பத்திற்கு ஒரு புது ஆபத்தை வைத்துப் போகிறது. பிரசவ அறைக்குள் நடப்பதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரித்து விடுவது வேண்டாமென்றும், குழந்தை வெளிவருவதற்காக மேல்வயிற்றைக் கையால் அமுக்கித் தள்ளுவது கூடாதென்றும் 2018-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் எழுதிவிட்டார்கள். இதைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக் கொள்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஆப்பரேஷன் என்றால், பிள்ளை பெற்று முடித்த பிறகு செய்து கொள்வதே பொதுவாக நல்லது. ஏனெனில் தைத்துக் கட்டினதை அடுத்த பிரசவம் மறுபடியும் தளர்த்திவிடக் கூடும். இறக்கம் கடுமையாகி முன்னாலேயே செய்ய நேர்ந்தாலும் கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டுமென்பதில்லை. பம்பாய் டாக்டர்களான ஷிரோத்கரும் புரந்தரேயும், இனிமேலும் பிள்ளை வேண்டுமென்கிற இளம் பெண்களுக்காகவே கர்ப்பப்பையை எடுக்காமல் மேலே இழுத்துக் கட்டும் முறைகளைக் கண்டுபிடித்து, அவை அவர்கள் பெயராலேயே வைத்தியப் புத்தகங்களில் வழங்குகின்றன. இதை ஏன் அழுத்திச் சொல்கிறோமென்றால், இன்று எதற்கெடுத்தாலும் "பையை எடுத்துவிடு" என்று சொல்லும் வியாபாரம் ஒன்று நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள், சின்ன வயதிலேயே, வேலைக்கு இடைஞ்சல் என்று கர்ப்பப்பையை எடுத்துக் கொண்டு வந்த அக்கிரமம் 2019-ல் வெளியாகி, அந்த சர்க்கார் விசாரணைக் கமிட்டி போட வேண்டியதாயிற்று. தூளி தளர்ந்தால் தூளியைக் கட்ட வேண்டும். பிள்ளையைத் தூக்கி எறிந்தால் தூளி சரியாகிவிடுமா? தாங்கும் கட்டுகளைச் சரிசெய்யாமல் கர்ப்பப்பையை மாத்திரம் எடுத்தால், மிச்சமிருக்கும் பாகம் பிறகு இறங்குவதுமுண்டு.

இனி மாமியாரின் ஆண் பிள்ளை. ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்திலிருக்கும் அணுவினால் முடிவாவதென்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே படிக்கிறார்கள். அதற்குத் தாயாரைப் பொறுப்பாக்குவது, வீட்டில் திருடு போனதற்கு வாசற்படியை அடிப்பது போலாகும். 'புத்' என்கிற நரகத்திலிருந்து கரையேற்றுகிறவன் புத்திரன் என்று மனு எழுதி வைத்தான். செத்த பிறகு இவர்கள் விழப்போவதாகச் சொல்லும் நரகத்திலிருந்து தப்ப, உயிரோடிருக்கும் ஒரு பெண்ணை இப்பொழுதே நரகத்தில் தள்ள வேண்டுமா?

எத்தனை பிள்ளை, எப்பொழுது என்பதைப் பெண்ணே முடிவு செய்ய வேண்டுமென்பது நமது இயக்கத்தாருக்குப் புதிதல்ல. மற்றவர்கள் கர்ப்பத்தடையை தேசத்தின் பொருளாதாரத்திற்காகவும் குடும்பச் செலவுக்காகவும் ஆதரித்த காலத்தில், பெரியார் அதைப் பெண்ணின் விடுதலைக்காகவென்றே ஆதரித்தார். 1936-ல் 'கர்ப்ப ஆட்சி' என்று புத்தகமே வெளியாயிற்று. அதற்கு முந்தின வருஷக் கடைசியில் வார்தாவுக்கு வந்து பேசிய மார்கரெட் சாங்கர் அம்மையாரிடம் தோழர் காந்தியார், கருவிகள் கூடாது, புலனடக்கமே போதும் என்று வாதாடினார். புலனை அடக்க வேண்டியவன் புருஷன். அடக்காவிட்டால் சுமக்க வேண்டியவள் பெண்சாதி! நல்ல நியாயம்!

அந்த நியாயம் இன்னும் ஒழிந்துவிடவில்லை. நம் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை ஆப்பரேஷன் செய்து கொண்டிருக்க, ஆண்களில் செய்து கொண்டவர்கள் ஆயிரத்துக்கு ஓரிருவர் என்று 2019-21 சர்க்கார் கணக்கெடுப்புச் சொல்கிறது. ஆணுக்குச் செய்வது பெண்ணுக்குச் செய்வதை விடச் சுலபமானது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இருந்தும் வீரம் பேசும் மீசைகள் எல்லாம் அந்த வாசலில் காணோம். ஆப்பரேஷன் வேண்டாம், சர்க்கார் 1968-லிருந்து நிரோத் உறை கொடுத்து வருகிறார்களே, மனைவியின் உடம்பு தேறும் வரையில் அதையாவது கையிலெடுக்க என்ன கஷ்டம்?

கம்பெனி விஷயமும் ஒன்று இருக்கிறது. மூத்திரத்தை அடக்கி, தண்ணீர் குடிக்காமல், எட்டு மணி நேரம் மெஷினில் உட்காருவது இந்த வியாதிக்கும் கேடு, மூத்திரக் குழாயில் அழற்சிக்கும் வழி. தொழிலாளிகளுக்குத் தண்ணீரும் கக்கூசும் கொடுத்தாக வேண்டுமென்பது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே கண்டது. கதவில்லாத கக்கூசும், திறக்க அனுமதி வேண்டிய கதவும் ஒன்றுதான். பிரசவ லீவை 1961-ஆம் வருஷத்துச் சட்டம் 12 வாரமாக வைத்தது, 2017-ல் 26 வாரமாக்கப்பட்டது. காண்டிராக்ட் என்று பெயர் வைத்து அந்த 26 வாரத்தைத் தின்று விடும் முதலாளிகளைக் கேட்கத் தொழிற்சங்கத் தோழர்கள் முன்வர வேண்டும். போனஸுக்குக் கொடி பிடிக்கும்போது கக்கூசுக்கும் சேர்த்துப் பிடிக்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் வந்துவிடாது.

மேனாம்பேட்டுச் சகோதரிக்கு நாம் சொல்லக் கூடியது இவ்வளவுதான். கீழ்ப்பாக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1844-லிருந்து பிள்ளைப்பேறு பார்த்து வரும் எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மகளிர் பிரிவில் சீட்டு வாங்கிக் கொண்டு, கசிவையும் பாரத்தையும் மறைக்காமல் சொல்லி, இறக்கம் எவ்வளவு என்பதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிரசவத்தில் கிழிந்ததா, எவ்வளவு தூரம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பார்கள். அதையும் எடுத்துக் கொண்டு போக வேண்டும். வெளியில் தள்ளினது உள்ளே போகாமல் நின்றாலும், புண்ணாகி ரத்தம் கண்டாலும், மூத்திரம் அடியோடு அடைத்துக் கொண்டாலும் அன்றைக்கே போக வேண்டும். புருஷனிடம் இந்தப் பத்திரிகையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அவரும் கூடவே வரட்டும். டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்டு வந்து தம் தாயாரிடம் அவரே சொல்லட்டும். அதற்காக அவருக்கு ஒரு நாள் சம்பளம் நஷ்டமானால், ஜோசியரிடம் கொடுத்த 500 ரூபாயைத் திருப்பி வாங்க முடியுமா என்று போகும் வழியில் பார்த்துக் கொள்ளலாம்.